தரை சரக்குக்கு, சுவர் நமக்கு

மூடிய சரக்கு டிரெய்லர் ஒன்றை வாங்கிக் கொஞ்சம் மாற்றியமைத்தால், வார நாட்களில் சாமான் ஏற்றலாம், வார இறுதியில் அதற்குள்ளேயே படுத்து எழலாம். இந்த ஆசை வந்ததும் எல்லோரும் முதலில் உட்கார்ந்து ஒரு படம் வரைகிறோம். ஒரு மூலையில் கட்டில், எதிரே சமையல் மேடை, கதவோரம் அலமாரி, நடுவில் ஒரு மடக்கு மேசை. வரைந்து முடித்துவிட்டுப் பார்த்தால் சரக்குக்கு இடமே இல்லை. இரண்டு வேலைக்கென்று வாங்கிய பெட்டி ஒரு வேலைக்குத்தான் மிஞ்சுகிறது. அந்த ஒரு வேலையையும், தங்குவதற்கென்றே கட்டிய டிரெய்லரான கேம்பர் அதைவிட நன்றாகச் செய்யும்.

என்னுடைய டிரெய்லர் 6 அடி அகலம், 12 அடி நீளம், முன்பக்கம் கூராகச் சரிந்த மூக்கு, ஒற்றை அச்சு. வேலையைத் தொடங்கும்போது ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டேன். தரை சரக்குக்குச் சொந்தம். சுவரிலும் கூரையிலும் எதை வேண்டுமானாலும் நிரந்தரமாகப் பொருத்தலாம். தரையைத் தொடுகிற எதுவும் ஒரே ஆள், கருவி எதுவும் இல்லாமல், தூக்கி வெளியே வைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கேட்பதற்கு எளிய விதி. ஆனால் கட்டில் எப்படி இருக்க வேண்டும், ஒயர் எந்த வழியாகப் போக வேண்டும், பேட்டரி எங்கே உட்கார வேண்டும் என்பதையெல்லாம் இதுதான் முடிவு செய்தது.

பெட்டியைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 6 அடி அகல டிரெய்லர் என்றால் உள்ளே கிடைப்பது ஏறக்குறைய 5 அடி 8 அங்குலம். சுவருக்குள் வெப்பக் காப்பு அட்டை வைத்துப் பலகை அடித்தால் இன்னும் குறையும். ஆகவே சராசரி உயரமுள்ளவர்கூட அகலவாக்கில் நிமிர்ந்து படுக்க முடியாது. நீளவாக்கில்தான் படுக்க வேண்டும். 7 அடி அகலத்தில் இந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் காற்றை எதிர்த்துத் தள்ளும் முகப்பு பெரிதாகிவிடும், இழுக்கும் வண்டிக்கு எரிபொருள் கூடும், குறுகலான இடத்தில் பின்னோக்கி எடுக்கும்போது கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. மாதத்தில் பெரும்பாலான நாட்கள் சாமான்தான் ஏற்றுவேன் என்பவர்களுக்கு ஆறுக்குப் பன்னிரண்டு போதும் என்பது என் கருத்து.

அடியில் குனிந்து பார்க்காமல் வாங்கக் கூடாது. தரையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் 16 அங்குலத்துக்கு ஒன்றா, 24 அங்குலத்துக்கு ஒன்றா என்று அளந்து பாருங்கள். சுவர் எலும்புகளும், அதாவது சுவருக்குள் நின்று தகட்டைத் தாங்கும் இரும்புச் சட்டங்களும், அப்படித்தான். 24 அங்குல இடைவெளியில் வெறும் பெட்டிகளை ஏற்றினால் தாங்கும். மோட்டார் சைக்கிளின் ஸ்டாண்டு ஒரு புள்ளியில் அழுத்தினாலோ, சுவரில் கட்டிலையே தொங்கவிட்டாலோ வித்தியாசம் தெரியும். கூரைத் தகடு ஒரே துண்டாக இருந்தால் நல்லது. இணைப்பு உள்ள கூரை என்றைக்காவது ஒழுகும். பின்கதவு சாய்தளமாக இறங்கும் வகையா, இரட்டைக் கதவா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: சக்கரமுள்ள எதையாவது ஏற்றுவீர்கள் என்றால் சாய்தளம்தான். முகாமில் அதை இறக்கிவிட்டால் தரை ஈரமாக இருந்தாலும் காலணி கழற்ற ஓர் உலர்ந்த இடம் கிடைக்கும்.

பக்கவாட்டுக் கதவை மட்டும் கவனமாகப் பாருங்கள். பல சரக்கு டிரெய்லர்களில் அதை வெளியிலிருந்து ஒரு நீளக் கம்பியைத் திருப்பிப் பூட்டுவார்கள். உள்ளே கைப்பிடியே கிடையாது. சரக்குக்கு அது போதும், உள்ளே தூங்குகிற மனிதருக்குப் போதாது. காற்றில் கதவு சாத்திக்கொண்டாலோ, யாராவது விளையாட்டாகக் கம்பியைத் திருப்பினாலோ, உள்ளே இருப்பவர் அடைபட்டுவிடுவார். உள்ளிருந்தும் திறக்கிற கேம்பர் வகைப் பூட்டு உள்ள கதவாகக் கேட்டு வாங்குங்கள், அல்லது முதல் வேலையாக மாற்றிவிடுங்கள். கூடவே இருக்கும் வெளிக் கம்பியை, நீங்கள் உள்ளே படுக்கும்போது திறந்த நிலையிலேயே ஒரு பூட்டுப் போட்டு நிறுத்திவிட வேண்டும். அப்போது யாராலும் அதைச் சாத்த முடியாது.

இனி எடைக்கு வருவோம். இந்த வேலையில் என்னை மிக அதிகமாக ஈர்த்த பகுதியும் இதுதான், பலரும் அவசரமாகத் தாண்டிப் போகிற பகுதியும் இதுதான்.

வட அமெரிக்காவில் விற்கும் ஒற்றை அச்சு டிரெய்லர்களில் மொத்த எடை வரம்பு 2,990 பவுண்டு என்று தகட்டில் அடித்திருப்பதை அடிக்கடி பார்க்கலாம். அச்சு 3,500 பவுண்டு தாங்கும், ஆனால் வரம்பு 2,990. காரணம் சட்டம்தான். அங்கே பல மாநிலங்களில் 3,000 பவுண்டிலிருந்து டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். ஐரோப்பாவில் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு அந்தக் கோடு 750 கிலோ. 2,990 பவுண்டு என்பது 1,356 கிலோ. காலி டிரெய்லரே 550 கிலோ அளவில் இருக்கும். மிச்சம் 800 கிலோ. கேட்க நிறையத்தான் தெரியும். அதில் நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு பலகையும் நாளை ஏற்ற முடியாத சரக்கு. நான்குக்கு எட்டு அடிப் பிளைவுட், முக்கால் அங்குலத் தடிமன் என்றால் ஒன்றே 30 கிலோவை ஒட்டி வரும். கால் அங்குலம் என்றால் 10 கிலோ. சுவரைக் கனமான பலகையில் அடித்து, அலமாரி செய்து, மேடை கட்டி, தண்ணீர்த் தொட்டி வைத்தால் 250 கிலோ காணாமல் போவது வெகு சுலபம். அந்த 250 கிலோவையும் காலி டிரெய்லராக ஓட்டும்போதுகூட இழுத்துக்கொண்டே போக வேண்டும்.

மொத்த எடையைவிட முக்கியம், அது எங்கே உட்காருகிறது என்பது. மாட்டு வண்டியில் பாரம் ஏற்றிப் பழகியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கும், முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்தை அழுத்தும். டிரெய்லரிலும் அதே கணக்குத்தான், ஆனால் வேகம் நூறு கிலோமீட்டர். இழுக்கும் வண்டியோடு டிரெய்லரை மாட்டுகிற கொக்கியில் இறங்கும் எடை மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும் என்பது சரக்கு டிரெய்லருக்குப் பொதுவான அளவு. அதற்குக் கீழே போனால் டிரெய்லர் பின்னால் பாம்பு போல் ஆடத் தொடங்கும். ஒரு லாரி பக்கத்தில் கடந்து போகும் காற்றே அதைத் தொடங்கிவைக்கப் போதும். தொடங்கியபின் ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். அந்த நேரத்தில் வண்டியின் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டுப்பாடு இருந்தால் அதை மட்டும் கையால் மெல்ல அழுத்த வேண்டும்.

கொக்கி எடையை அளக்கப் பெரிய எடைமேடை தேவையில்லை. வீட்டில் இருக்கும், நாம் ஏறி நிற்கிற எடை மெஷினே போதும். அது தாங்காத எடையாக இருந்தால் ஒரு நெம்புகோல் ஏற்பாடு உண்டு. ஒரு கனமான மரச்சட்டத்தை எடுத்து, அதன் ஒரு முனைக்கு அடியில் மெஷின் உயரத்துக்குச் செங்கல் வைத்து, மறுமுனையை மெஷின் மேல் வையுங்கள். இரண்டு தாங்குபுள்ளிக்கும் நடுவே 3 அடி. டிரெய்லரின் கொக்கி, செங்கலிலிருந்து 1 அடி தள்ளி, மெஷினிலிருந்து 2 அடி தள்ளி சட்டத்தின் மேல் இறங்க வேண்டும். இப்போது மெஷின் காட்டுவது உண்மை எடையில் மூன்றில் ஒரு பங்கு, மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள். சட்டத்தின் சொந்த எடையை முதலிலேயே பார்த்துக் கழித்துவிட வேண்டும். டிரெய்லர் மட்டமாக நிற்க வேண்டும், சக்கரங்களுக்கு அடைகல் வைத்திருக்க வேண்டும். மொத்தம் பத்து நிமிட வேலை. சரக்கு மாறும்போதெல்லாம் செய்கிறேன்.

இரு வேலை டிரெய்லருக்கு இங்கேதான் தனிச் சிக்கல் இருக்கிறது. சாமான் ஏற்றும்போது ஒரு பாரம், முகாமுக்குப் போகும்போது இன்னொரு பாரம். நிரந்தரமாகப் பொருத்துவது எதுவானாலும் இரண்டு நிலையிலும் கெடுதல் செய்யாத இடத்தில் இருக்க வேண்டும். என் டிரெய்லரில் கொக்கியிலிருந்து அச்சு வரை ஏறக்குறைய மூன்றரை மீட்டர். அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் 50 லிட்டர் தண்ணீர் வைத்தால் கொக்கியிலிருந்து 21 கிலோ போய்விடும். தண்ணீர் தீரத் தீர அந்த 21 கிலோ திரும்ப வரும். அதாவது ஒவ்வொரு மணி நேரமும் வேறொரு டிரெய்லரை ஓட்டுகிறீர்கள். அதனால் தொட்டி என்ற பேச்சே வேண்டாம் என்று முடிவு செய்தேன். 20 லிட்டர் கேன்கள், அச்சுக்கு நேர் மேலே, சுவரோடு பட்டை போட்டுக் கட்டியவை. அச்சின் மேல் இருக்கிற எடை கொக்கிக்குத் தெரியவே தெரியாது. பேட்டரி பெட்டி மூக்குக்குள் போய்விட்டது. அங்கே சதுரமான சரக்கு எதுவும் உட்காராது என்பதால் அது எப்படியும் வீணாகிற இடம்.

கட்டிலைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. பலர் சுவரில் கீல் வைத்து மடக்குகிற கட்டில் செய்கிறார்கள். நல்ல வழிதான், ஆனால் மடக்கிய பின்னும் ஒரு கை அளவு தடிமனில் சுவரை அடைத்துக்கொள்ளும், அலமாரியோ சோபாவோ ஏற்றும்போது இடிக்கும். நான் எடுத்தது இ-டிராக் வழி. லாரிகளின் உள்சுவரில் துளை துளையாக ஓர் இரும்புப் பட்டை ஓடுமே, அது. இரண்டு பக்கச் சுவரிலும் தரையிலிருந்து இரண்டடிக்குச் சற்று மேலே, முன்னிருந்து பின்வரை, ஒரே மட்டத்தில் ஓட விட்டிருக்கிறேன். சாமான் ஏற்றும் நாட்களில் பட்டைக் கொக்கிகளை எங்கே வேண்டுமோ அங்கே மாட்டிக் கட்டுவதற்கு அது. அந்தத் துளைகளிலேயே மாட்டுகிற மரச்சட்டத் தாங்கிகள் விற்கின்றன. அடியில் விளிம்புள்ள ஒரு சின்ன இரும்புப் பெட்டி மாதிரி. துளையில் நுழைத்துத் தட்டினால் நாக்கு உள்ளே விழுந்து பூட்டிக்கொள்ளும். எதிரெதிரே இரண்டு தாங்கி, நடுவே ஒரு இரண்டுக்கு ஆறு அங்குல மரச்சட்டம். அப்படி ஐந்து சட்டம் வைத்து, நாடாவில் வரிசையாக ஆணியடித்த மெல்லிய பலகைகளை விரித்தால் கட்டில் தயார். ஒரு கால்கூடத் தரையில் படாது. கீழே இரண்டடி உயரத்துக்கு முழு நீளமும் பெட்டி வைக்கலாம். காலையில் பலகையைப் பாய் போலச் சுருட்டி மூக்குக்குள் நிறுத்திவிட்டு, சட்டங்களை உருவி, சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே பட்டையில் கட்டிவிடுவேன்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரே நிபந்தனை, இ-டிராக் பட்டையை எதில் முடுக்குகிறீர்கள் என்பது. சுவர்ப் பலகையில் மட்டும் திருகினால், இரண்டு பேர் எடை தாங்கி அதிர்ந்து அதிர்ந்து திருகு பிடுங்கிக்கொள்ளும். ஒவ்வொரு இரும்பு எலும்பிலும் குறைந்தது இரண்டு திருகு இறங்க வேண்டும். காந்தத்தை நகர்த்தி எலும்பைக் கண்டுபிடித்து, பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, சிறிய துளை போட்ட பிறகுதான் திருகு. சரக்கைக் கட்டத் தரையில் பதிக்கிற இரும்பு வளையங்களுக்குத் திருகு போதவே போதாது. பலகையை ஊடுருவி, அடியில் ஓர் இரும்புத் தகடு கொடுத்து, போல்ட் போட்டு நட்டு முடுக்க வேண்டும். குறுக்குச் சட்டத்தையே பிடித்துவிட்டால் இன்னும் நல்லது.

சரக்கைக் கட்டுகிற நாடாப் பட்டைகளின் மேல் இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும். பெரிய எண் அறுந்துபோகும் எடை. நாம் பார்க்க வேண்டியது அதில் மூன்றில் ஒரு பங்காக இருக்கும் சிறிய எண். வேலைச் சுமை வரம்பு அதுதான். அமெரிக்காவில் வணிக லாரிகளுக்கான விதி, ஒரு பொருளைக் கட்டும் பட்டைகளின் வேலை வரம்பைக் கூட்டினால் பொருளின் எடையில் பாதியாவது வர வேண்டும் என்கிறது. சரக்கு முன்னோக்கித் தள்ளும் விசை, அதன் எடையில் 0.8 பங்கு வரை போனாலும் கட்டு தாங்க வேண்டும். பின்னோக்கியும் பக்கவாட்டிலும் 0.5 பங்கு. நம்மைப் போன்றவர்களை அந்த விதி கட்டாயப்படுத்தாவிட்டாலும் நான் அதையே அளவாக வைத்திருக்கிறேன். சடாரென்று பிரேக் போடும்போது 200 கிலோ எடையுள்ள ஒரு மோட்டார் சைக்கிள் முன்சுவரை எப்படித் தேடி வரும் என்பதை அந்த 0.8 சொல்லிவிடுகிறது.

உள்ளே தூங்குவது என்றதும் எல்லோரும் குளிரைப் பற்றிக் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் தொந்தரவு செய்வது குளிரைவிட ஈரம்தான். இரண்டு பேர் தூங்கினால் மூச்சிலும் தோலிலுமாக ஓர் இரவில் அரை லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கிறது. அது வெளியே போக வழியில்லை என்றால் அந்தப் பெட்டியிலேயே ஆகக் குளிர்ந்த பரப்பைத் தேடிப் போய் ஒட்டும். அலுமினியத் தகடும் அதைத் தாங்கும் இரும்பு எலும்பும்தான் அந்தப் பரப்பு. விடியற்காலையில் கூரையில் கைவைத்துப் பாருங்கள், எலும்பு ஓடுகிற கோடுகள் மட்டும் நனைந்து தனியாகத் தெரியும். நடுவில் எவ்வளவு நல்ல காப்பு அட்டை வைத்தாலும் எலும்பு தன் வழியே வெளிக்குளிரை உள்ளே கொண்டுவந்துவிடும். அதனால் எலும்புகளுக்கு நடுவே மட்டும் அட்டை செருகுவது பாதி வேலை. எலும்பின் முகத்தின் மேலும் ஒரு மெல்லிய நுரைப் பட்டை ஒட்டி, அதன் மேல் பலகை அடிக்க வேண்டும்.

காப்புக்கு நான் எக்ஸ்.பி.எஸ். என்கிற கெட்டியான பாலிஸ்டைரீன் நுரை அட்டையைத்தான் சொல்வேன். ஓர் அங்குலத்துக்கு ஆர்-5 அளவு தடுப்பு (ஆர் என்பது வெப்பத்தைத் தடுக்கும் திறனின் அளவு), தண்ணீரை உறிஞ்சாது, அதிர்வில் உதிராது. கண்ணாடி இழைப் பஞ்சு வேண்டவே வேண்டாம்; ஈரம் குடித்து, அதிர்வில் கீழே இறங்கி, சுவரின் மேல்பாதியைக் காலியாக விட்டுவிடும். பணமும் எடையும் ஓர் இடத்துக்குத்தான் போதும் என்றால் கூரைக்குச் செய்யுங்கள். வெயிலில் கொதிப்பதும் இரவில் சொட்டுவதும் அதுதான். சுவரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வார இறுதி மட்டும் தங்குகிறவர்களுக்கு நல்ல தூக்கப் பையே சுவர்க் காப்பின் பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும்.

ஈரத்துக்கு உண்மையான மருந்து காற்றோட்டம். கூரையில் 14 அங்குலச் சதுரத்தில் வெட்டிப் பொருத்துகிற விசிறி கேம்பர்களுக்கென்றே வருகிறது. அதை ஆக மெதுவான வேகத்தில் இரவு முழுக்க வெளிநோக்கி ஓட விடுங்கள். ஆனால் விசிறி மட்டும் போதாது. உள்ளே வர ஒரு வழி தாழ்வாக இருந்தால்தான் மேலே போக ஒரு காற்று இருக்கும். கட்டில் மட்டத்துக்குக் கீழே, விசிறிக்கு எதிர்முனையில், பூச்சி வலை போட்ட ஒரு துளைத்தட்டு வையுங்கள். அதற்குப் பிறகு கூரைக் கோடுகள் வெகுவாகக் காய்ந்துவிடும்.

உள்ளே கேஸ் அடுப்பு, கேஸ் ஹீட்டர் வைத்துச் சூடுபண்ணிக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு: ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வருகிறது. வெளியே புகைபோக்கி இல்லாத ஹீட்டர் அத்தனையையும் உங்கள் மேலேயே விடும். ஈரம் போகட்டும், கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. மணமில்லை, நிறமில்லை, தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும். எது எப்படியோ, அதற்கான அலாரம் ஒன்றும் புகை அலாரம் ஒன்றும் கட்டில் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். சமையல் முழுக்க வெளியேதான். பின்கதவை இறக்கிவிட்டு, அதற்கு அப்பால் ஒரு மடக்கு மேசை. மழை வந்தால் ஆறின சாப்பாடு, அவ்வளவுதான்.

வாசம் என்று இன்னொரு தொல்லை இருக்கிறது. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசிக் கேட்டதில்லை, ஆனால் இரு வேலை டிரெய்லருக்கே உரியது. வெள்ளிக்கிழமை காலை வரை பெட்ரோல் வண்டி நின்ற இடத்தில் வெள்ளி இரவு தலையணை போடுகிறோம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படுத்துக்கிடக்கும். பிளைவுட் எண்ணெயைக் குடித்துவிட்டால் அந்த வாசம் மாதக்கணக்கில் போகாது. அதனால் சரக்கு ஏற்றும் முன்பே தரையை அடைத்துவிட வேண்டும். வெறும் பலகையாக இருக்கும்போதே தேய்த்து, தரைக்கான எபாக்சி அல்லது வெளித்தரைப் பெயிண்டை இரண்டு பூச்சு, சுவர் சேரும் விளிம்பிலும் சேர்த்து. அதன் மேல் ரப்பர் விரிப்பை ஒட்டாமல் விரித்தால், சரக்கு நாள் முடிந்ததும் அதை அழுக்கோடு சுருட்டி வெளியே எடுத்துவிடலாம். ஒட்டினால் அடியில் ஈரம் தங்கிப் பலகை அழுகும். பெட்ரோல் கேனோ, தொட்டியில் பெட்ரோல் உள்ள வண்டியோ உள்ளே இருக்கும்போது அதற்குள் தூங்கவே கூடாது. வண்டியோடு முகாமுக்குப் போனால் வண்டி வெளியே இறங்கி நிற்கட்டும், கதவு இரண்டும் ஒரு மணி நேரமாவது திறந்து கிடக்கட்டும்.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வார இறுதிக்குத் தேவை சுருக்கமானது. எல்.இ.டி. விளக்குகள், விசிறி, போன் சார்ஜ், வேண்டுமானால் சின்ன கம்ப்ரசர் ஃபிரிட்ஜ். 12 வோல்ட்டில் 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்றில் ஏறக்குறைய 1,280 வாட்-மணி இருக்கிறது. இரண்டு இரவுக்குப் போதும். எடை 12 கிலோவுக்குள். அதே அளவு ஈய பேட்டரி 30 கிலோவைத் தொடும், அதில் பாதியைத்தான் ஆயுள் கெடாமல் பயன்படுத்தலாம். லித்தியத்துக்கு ஒரு பலவீனம், உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. டிரெய்லர் குளிரில் வெளியே நிற்கிற இடமாக இருந்தால் குளிரில் தானாகவே சார்ஜை நிறுத்துகிற பாதுகாப்பு உள்ளதாக வாங்குங்கள், அல்லது பேட்டரியை வீட்டுக்குள் எடுத்துப் போங்கள். கைப்பிடியுள்ள பெட்டியில் வைத்தால் எடுத்துப் போவது கஷ்டமில்லை. ஃபியூஸ் பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே. ஒயர் எல்லாம் கூரையோரமாக, குழாய்க்குள். சுவரின் கீழ்ப்பாதியில் ஒயரோ சுவிட்சோ வைத்தால், ஒருநாள் ஏதாவது ஒரு மேசையின் மூலை அதை இடித்துத் தள்ளும்.

ஜன்னல் ஒன்றே ஒன்று வைத்தேன், வெளிச்சத்துக்காக இல்லை. கட்டில் பின்பாதியில் இருக்கிறது, கதவு முன்பக்கம். நடுவில் தீப்பிடித்தால் தப்பிக்க வழி வேண்டும். உள்ளிருந்து கொக்கியைத் தட்டினால் முழுதாக வெளியே திறக்கிற, ஒரு ஆள் நுழையக்கூடிய அவசர ஜன்னல், கட்டில் மட்டத்தில். இரண்டு எலும்புக்கு நடுவே அது அடங்காது என்பதால் ஓர் எலும்பை வெட்டி, மேலும் கீழும் குறுக்கே சட்டம் கொடுத்து வெல்டிங் செய்ய வேண்டியிருந்தது. வெட்டுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. தண்ணீர் புகாமல் அடைப்பதில்தான் பொறுமை வேண்டும். விளிம்பைச் சுற்றி பியூட்டைல் என்கிற பிசுபிசுப்பான ரப்பர் நாடா, மூலையில் துண்டாக ஒட்டாமல் வளைத்தே கொண்டுபோய், திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, பிதுங்கி வருவதை மறுநாள் மீண்டும் முடுக்கி வழித்தெடுக்க வேண்டும். கறுப்புக் கண்ணாடியாக இருந்தால் சாமான் இருக்கிறதா, ஆள் இருக்கிறாரா என்று வெளியே தெரியாது. இதற்கு மேல் ஜன்னல் வேண்டாம் என்பது என் எண்ணம். ஒவ்வொரு ஜன்னலும் ஒரு கட்டுமிடத்தைத் தின்றுவிடும்.

உள்ளே இவ்வளவு அக்கறை காட்டிவிட்டுச் சக்கரத்தை மறந்துவிடுகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட வயதாகிச் சாவதுதான் அதிகம். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஐந்தாறு வருடம் ஆகிவிட்டால் டயரின் மேல் வரிப்பள்ளம் எவ்வளவு மிச்சமிருந்தாலும் மாற்றிவிடுங்கள். காற்றழுத்தம் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். பல டிரெய்லர் டயர்களுக்கு வேக வரம்பு மணிக்கு 65 மைல், அதாவது 105 கிலோமீட்டர்தான். இழுக்கும் வண்டி அதற்கு மேல் சுலபமாகப் போகும் என்பது டயருக்குத் தெரியாது. சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் நட்டுகளை டார்க் ரெஞ்சில் (குறித்த இறுக்க அளவைக் காட்டும் ஸ்பேனர்) முடுக்கி, 10, 25, 50 மைல்களில் நிறுத்தி மறுபடி பார்க்க வேண்டும். ஓடி நின்றதும் ஒவ்வொரு ஹப்பின் மேலும் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்தால் பேரிங் கிரீஸ் கேட்கிறது என்று அர்த்தம். விளக்கு மின்னி மின்னி எரிந்தால் பல்பை மாற்றும் முன் எர்த் ஒயர் சேஸிஸில் பிடிக்கிற இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள், பாதி நேரம் குறை அங்கேதான்.

கழிவறை, சிங்க், ஏ.சி. எதையும் நான் வைக்கவில்லை. அவை தேவைப்படுகிறவர்களுக்குக் கேம்பரே சரி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டு இரவுக்கு மூடியுள்ள வாளியும், தண்ணீர்க் கேனும், நல்ல விசிறியும் போதும் என்கிறவர்களுக்குத்தான் இந்தப் பெட்டி.

வேலையை எந்த வரிசையில் செய்வது என்று கேட்டு எழுதுகிறவர்களுக்கு என் பதில்: முதலில் கதவுப் பூட்டு, அலாரங்கள், டயர். பிறகு தரைப் பூச்சு. பிறகு கூரையில் விசிறியும் காப்பும், அதோடு சேர்த்தே ஒயர். பிறகு இ-டிராக், அவசர ஜன்னல். இத்தனையும் முடிந்ததும் ஒரு மாதம் வெறுமனே சாமான் ஏற்றுங்கள், தரையில் நுரை மெத்தை விரித்து ஒன்றிரண்டு இரவு வீட்டு முற்றத்திலேயே படுத்துப் பாருங்கள். கை எங்கே விளக்கைத் தேடுகிறது, கால் எங்கே இடிக்கிறது, எந்தச் சுவரில் சரக்கு உரசுகிறது என்று அதுவே காட்டிவிடும். கட்டில் சட்டங்களை அதற்குப் பிறகு அறுத்துக்கொள்ளலாம். அறுத்த பிறகு, முகாமுக்குப் போகிற மாதிரி எல்லாவற்றையும் ஏற்றி, தண்ணீர்க் கேன்களையும் நிரப்பி, லாரி எடைமேடையில் ஒருமுறை நிறுத்துங்கள். அந்தச் சீட்டில் வருகிற எண்ணையும் கொக்கி எடையையும் கதவின் உட்பக்கம் எழுதி ஒட்டிவிட்டால், அடுத்த முறை யாராவது “இதையும் ஏத்திக்கலாமா?” என்று கேட்கும்போது பதில் கண் முன்னாலேயே இருக்கும்.